ஊற்றும் கை

சென்ற ஆண்டு தவக்காலத்தின் முதல் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். சிறுவயதில் பீடச் சிறுவனாக நின்று, இரசக் குப்பியும் தண்ணீர்க் குப்பியும் எடுத்துக் கொடுத்துப் பழகியவன். இப்போது நகரத்தில் கேட்டரிங் கல்லூரியொன்றில் இறுதியாண்டு படிக்கிறான். செய்முறைத் தேர்வுக்காகச் செபிக்கும்படி கேட்க வந்தவன், கேட்டு முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்தபடி சற்று நேரம் இருந்துவிட்டு, மெல்லச் சொன்னான்:

"ஃபாதர், பரீட்சையில எனக்கு வந்திருக்கிறது ஒயின் சர்வீஸ். பாட்டிலை எப்படித் திறக்கணும், எப்படி ஊத்தணும்னு செஞ்சு காட்டணும். வீட்ல தண்ணிப் பாட்டிலை வச்சுப் பழகிக்கிட்டிருந்தேன். அம்மா பார்த்துட்டாங்க. ரெண்டு நாளா என்கிட்டப் பேசல."

அந்தத் தாய் ஏன் பேசவில்லை என்பதை நான் அறிவேன். அவருடைய கணவரைக் கல்லறைக்குக் கொண்டு சேர்த்தது மது. "அப்பன் குடிச்சுச் செத்தான், மகன் ஊத்திக் குடுக்கப் படிக்கிறான்" என்று அண்டை வீட்டாரிடம் சொல்லி அழுதாராம்.

இளைஞன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது பாவமா ஃபாதர்?"

அறநெறி இறையியலைக் குருமடத்தில் முறையாகப் பயின்றவன் நான். இக்கேள்விக்கு உரிய மறுமொழியை உடனே சொல்லியிருக்க முடியும். ஆயினும் நா எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். "நீ பழகியதை எனக்குச் செய்து காட்டு, தம்பி" என்று மட்டும் கூறினேன்.

பங்கு இல்லத்து உணவறையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் சில கண்ணாடிக் குவளைகளும் எடுத்து வைத்தோம். வெள்ளைத் துண்டொன்றை மடித்து முன்கையில் போட்டுக்கொண்டான். என்னை விருந்தளிப்பவராக உட்கார வைத்தான். முதலில் பாட்டிலின் பெயர்ச்சீட்டு என் கண்ணுக்குத் தெரியுமாறு நீட்டினான். கேட்ட இரசம் இதுதானா, கேட்ட ஆண்டு இதுதானா என்று விருந்தளிப்பவர் பார்த்து ஒப்ப வேண்டுமாம். கழுத்தைச் சுற்றியுள்ள உறையை உதட்டுக்குக் கீழே வெட்டுவதும், வாய்ப்புறத்தைத் துடைப்பதும், தக்கையை ஓசையின்றி இழுப்பதும் பாவனையாக நடந்தன. பின் என் குவளையில் ஒரு வாயளவு மட்டும் ஊற்றிவிட்டுச் சற்றே விலகி நின்றான். நான் தலையசைத்த பிறகுதான் மற்ற இருக்கைகளுக்குச் சென்றான். ஒவ்வோர் இருக்கைக்கும் வலப்புறம் நின்று, பாட்டிலின் வாய் குவளையில் படாதவாறு, குவளையின் மூன்றில் ஒரு பங்கு அளவே ஊற்றினான். முடிக்கும்போது மணிக்கட்டைச் சிறிது திருப்பினான். ஒரு சொட்டும் விரிப்பில் விழவில்லை. எல்லாருக்கும் ஊற்றிய பின்னரே என் குவளைக்குத் திரும்பி வந்தான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பானேன்? ஒரு பானத்தைக் குவளையில் ஊற்றுவதற்கு இத்தனை சடங்கா? செல்வர்களின் பகட்டுக்கு வகுத்த இலக்கணம் என்றுதான் எண்ணினேன். எனினும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல என் சிரிப்பு அடங்கியது.

குவளையை ஏன் நிரப்புவதில்லை? திராட்சை இரசத்தின் இன்பத்தில் பெரும்பகுதி அதன் மணம். மேலே வெற்றிடம் இருந்தால்தான் அந்த மணம் தங்கும். வழக்கமான பாட்டில் 750 மில்லிலிட்டர் கொள்ளும். ஒருவருக்கு 125 மில்லிலிட்டர் என்றால் ஆறு பேருக்கு ஒத்த பங்கு கிடைக்கும். நுரைக்கும் இரசமாயின் சிறிது ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, மீண்டும் ஊற்ற வேண்டும். அவசரப்படுகிறவன் விரிப்பைத்தான் நனைப்பான். பல்லாண்டு வைத்திருந்த செந்நிற இரசத்தில் வண்டல் படிந்திருக்கும். எனவே பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு நிதானமாகச் சாய்த்து மாற்றுவார்கள். வண்டல் கழுத்தை நெருங்குவது அந்த வெளிச்சத்தில் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். எஞ்சியதை இழக்க மனமில்லாதவன் முழுவதையும் கலக்கிவிடுவான்.

விருந்தளிப்பவருக்கு ஏன் முதல் வாய்? அவர் முதன்மையானவர் என்பதற்காக அன்று. சில தக்கைகளில் உண்டாகும் ஒரு வேதிப்பொருள் இரசத்தைக் கெடுத்து, ஈர அட்டையின் பூஞ்சை நாற்றத்தை ஏற்றிவிடுகிறது. டிரைகுளோரோஅனிசோல் என்று அதற்குப் பெயர். இந்தக் கேட்டிற்கு அதுவே முதன்மைக் காரணம் என்பது 1980களின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. வெளியில் பார்த்து அதை அறிய முடியாது. முகர்ந்தும் சுவைத்தும்தான் அறியலாம். ஆகவே விருந்தினரின் வாய்க்குக் கெட்டது போகாதபடி அழைத்தவர் முதலில் சுவைக்கிறார். முதல் வாய் அவருக்கு வருவது பொறுப்பினால். பின்னர் எல்லாருடைய குவளையும் பெற்ற பிறகு அவர் குவளை கடைசியாக நிறைகிறது. தீங்கென்றால் முந்துவதும், நன்மையென்றால் பிந்துவதும் எவ்வளவு அழகிய ஒழுங்கு!

இங்கே ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. இந்த விதிகளுள் ஒன்றுகூடக் குடிப்பவரைக் கட்டுப்படுத்தவில்லை. அனைத்தும் ஊற்றுகிறவரின் கையையே கட்டுப்படுத்துகின்றன. தன் திறமையைக் காட்டாதே, அவசரப்படாதே, அளவை மீறாதே, சிந்தாதே, ஒருவரை விட்டு ஒருவருக்கு ஊற்றாதே என்று கைக்குச் சொல்கின்றன. கொடுக்கிறவன் தன்னைப் பின்னிறுத்தி, பெறுகிறவரின் நலனை முன்னிறுத்தும் பயிற்சிக்கு அறநெறியில் வேறென்ன பெயர் உண்டு?

நம் மறைநூல் இக்கையைப் பற்றி நிறையவே பேசுகிறது. எருசலேமின் மதிலைக் கட்டியெழுப்பிய நெகேமியா, பாரசீக அரசனுக்கு இரசக் கிண்ணம் ஏந்தும் பணியில் இருந்தவர் (நெகே 1:11). அரசனின் உயிரையே அந்தக் கையை நம்பி ஒப்படைத்திருந்தார்கள். அதே பாரசீக அரசவையில் மன்னர் அகஸ்வேர் நடத்திய விருந்தைப் பற்றி எஸ்தர் நூல் ஒரு நுட்பமான செய்தியைத் தருகிறது: குடிப்பதில் எவரையும் வற்புறுத்தலாகாது, அவரவர் விருப்பப்படியே பரிமாற வேண்டும் என்று பணியாளர்களுக்குக் கட்டளை இருந்தது (எஸ் 1:8). நல்ல கட்டளை. ஆனால் இரசம் அளவின்றி ஓடிற்று. ஏழாம் நாள் மயக்கத்தில் மன்னரே தம் அரசியை அவையோர் முன் காட்சிப்பொருளாக்க முயன்று, தம் இல்லறத்தை இழந்தார். வற்புறுத்தாமை மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிரேக்கர்கள் இந்த அளவை ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர்கள் இரசத்தைத் தண்ணீர் கலக்காமல் குடிப்பதை நாகரிகமற்ற செயலாகக் கருதினர். பெரிய கலமொன்றில் இரண்டையும் கலந்து, அதிலிருந்து முகந்து ஊற்றுவர். எவ்வளவு தண்ணீர், எத்தனை கலம் என்று முடிவு செய்வதற்கு விருந்துத் தலைவர் ஒருவரை அமர்த்துவர். கிரேக்கப் பண்பாடு யூதேயாவில் பரவியிருந்த காலத்தில் எழுதிய சீராக், இந்தத் தலைவருக்கு ஓர் அறிவுரை கூறுகிறார்: உன்னை உயர்த்திக்கொள்ளாதே, அவர்களுள் ஒருவனாக இரு, அனைவரையும் கவனித்த பின்பே நீ உட்கார் (சீஞா 32:1-2). மேட்டிமைக்கு வாய்த்த பதவியைப் பணிவிடைக்கு உரியதாக அவர் மாற்றிவிடுகிறார்.

இனிக் கானாவூருக்கு வருவோம். ஆண்டவரின் சொற்படி பணியாளர்கள் முகந்து, முதலில் பந்தி மேற்பார்வையாளரிடம் கொண்டு போகிறார்கள். சுவைத்துப் பார்த்தல் என்னும் ஒழுங்கு அங்கும் உண்டு. சுவைத்த மேற்பார்வையாளர் தம்மையறியாமல் உலகத்தின் இரகசியமொன்றைச் சொல்லிவிடுகிறார்: எல்லாரும் நல்ல இரசத்தை முதலில் கொடுத்து, விருந்தினர் நன்றாகக் குடித்த பின் தரம் குறைந்ததைக் கொடுப்பதே வழக்கம் (யோவா 2:10). வேறு சொற்களில் சொன்னால், குடித்தவரின் நாக்கு மழுங்கியபின் அவரை ஏமாற்றலாம். நம் பாட்டிமார் இதைப் பந்தி வஞ்சனை என்பார்கள். ஆண்டவரின் விருந்தில் அந்த வஞ்சனை இல்லை. அறியும் ஆற்றல் விருந்தினருக்குக் குறைந்திருக்கக்கூடிய கடைசி வேளையிலும் சிறந்ததே வந்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற இடத்திலும் நேர்மையாகக் கொடுப்பதே உண்மையான கொடை.

பந்தி வஞ்சனைக்கு உரோமையிலும் குறைவில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இளைய பிளினி, தாம் சென்ற விருந்தொன்றைப் பற்றி நண்பருக்கு மடல் எழுதியிருக்கிறார். விருந்தளித்தவர் சிறு குடுவைகளில் மூன்று வகை இரசம் வைத்திருந்தாராம். தமக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒன்று. தாழ்ந்த நண்பர்களுக்கு ஒன்று. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. 'நீர் என்ன செய்வீர்?' என்று அருகிலிருந்தவர் பிளினியைக் கேட்டார். எல்லாருக்கும் ஒன்றே என்றார் அவர். அவ்வளவு செலவாகுமே என்றதற்கு, நான் குடிப்பதை அவர்கள் குடிப்பதில்லை, அவர்கள் குடிப்பதை நான் குடிக்கிறேன் என்னும் பொருளில் மறுமொழி தந்தார். கிறிஸ்தவரல்லாத ஒருவரின் இந்த நாணயம் கொரிந்துச் சபையில் இல்லாமற்போனது நம்மை வெட்கப்பட வைக்கிறது. ஆண்டவரின் திருவிருந்து என்று கூடிய இடத்திலேயே ஒருவர் பசித்திருக்க மற்றவர் குடிவெறியில் கிடந்ததைப் பவுலடியார் கடிந்துகொள்கிறார் (1 கொரி 11:21).

இதுவரை சொன்னவற்றை அன்று மாலை அந்த இளைஞனிடம் ஓரளவு சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. ஆனால் என் முகம் தெளியவில்லை. அபக்கூக்கு இறைவாக்கினரின் சொல் ஒன்று எனக்குள் நெடுநாளாய் முள்ளாகத் தைத்திருக்கிறது. பிறரைக் குடிக்கச் செய்கிறவனுக்கு ஐயோ கேடு என்பது அதன் கருத்து (அப 2:15). அந்த முள்ளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றினேன். கிறிஸ்து பிறப்பு விழாவன்று, பங்குக் குடும்பம் ஒன்று வீட்டில் செய்த திராட்சை இரசத்தை அன்போடு கொடுத்தனுப்பியிருந்தது. பங்குப் பேரவையினரையும் கோவில் பணிக்கு உழைத்தவர்களையும் மதிய உணவுக்கு அழைத்திருந்தேன். நானே ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தேன். கொத்தனார் ஒருவர் முறை வந்தது. அவர் தம் குவளையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நான் சிரித்துக்கொண்டே, "பெருநாளும் அதுவுமா இது என்ன! இரசம்தானே, சாராயமா?" என்றேன். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். நான் ஊற்றினேன். குவளை நிறையவே ஊற்றினேன்.

அவர் குடியை விட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியாது. மூன்றரசர் திருநாளுக்குள் அவர் பழைய இடத்திற்கே திரும்பிவிட்டார். அவர் மனைவி வந்து கோவில் வாசலில் நின்றார். கோபமாகப் பேசவில்லை. "சாமி கையால ஊத்தும்போது எப்படி வேண்டாங்கிறதுன்னு கேக்குறாரு சாமி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவு என் பழைய பாடநூல்களை எடுத்துப் புரட்டினேன். புனித தோமா அக்குவினா இது பற்றித் தெளிவாகவே எழுதியிருக்கிறார். திராட்சை இரசம் தன்னளவில் தவறானது அன்று. ஆனால் குடிப்பவரின் இயல்பினாலோ, அவர் செய்த நேர்ச்சையினாலோ, அளவு மீறுவதாலோ, பிறருக்கு இடறலாவதாலோ அது தவறாகக்கூடும் என்கிறார். குடிக்க அழைக்கிறவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்கிறார். எதிரிலிருப்பவர் குடியால் நிலைகுலையக்கூடியவர் என்பதை அறியாமல் அழைத்தவருக்கு மன்னிப்பு உண்டு. அந்த அறியாமை இல்லாதவருக்கு இல்லை.

எனக்குத் தெரியாதுதானே என்று அந்தப் பக்கத்தில் ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அவருடைய வரலாறு எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். குவளையின் மேலிருந்த கை எனக்குத் தெரிந்தே இருந்தது. அது வேண்டாம் என்று சொல்லிற்று. காரணம் கேட்க எனக்கு உரிமையில்லை. நிறுத்துவது மட்டுமே என் கடமையாயிருந்தது. ஆனால் நான் என் தாராளத்தை விரும்பினேன். எல்லாரும் என் கையால் மகிழ வேண்டும் என்று விரும்பினேன். அன்பு என்று நான் நினைத்தது பெரும்பாலும் என்னையே நான் கொண்டாடியதுதான். பிறர் தடுக்கி விழக் காரணமாகுமாயின் இரசத்தைத் தவிர்ப்பதே நன்று என்று பவுலடியார் எழுதியதை (உரோ 14:21) எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன்!

அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். மீண்டும் குடியை விட அவருக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த மூன்று ஆண்டுகளை அவருடைய பிள்ளைகளுக்கு என்னால் திருப்பித் தர முடியாது.

இதை அந்த இளைஞனிடம் மறைக்காமல் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு தயக்கத்தோடு, "அது எங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க ஃபாதர். விருந்தாளி குவளை மேல கையை வச்சா ரெண்டாவது தடவை கேக்கக் கூடாது. ஏன்னும் கேக்கக் கூடாது" என்றான்.

கேட்டரிங் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு விதி! அதை நான் அறிந்திருந்தால் ஒரு குடும்பம் கண்ணீர் வடித்திராது. முறைமையை வெறும் புறச்சடங்கு என்று இகழ்கிறோம், உள்ளம் நன்றாயிருந்தால் போதும் என்கிறோம். என் உள்ளம் அன்று கெட்டதாக இல்லை. ஆனால் உள்ளத்தின் நல்லெண்ணம் தன் போதையில் பிறரைக் காணத் தவறும் வேளையில், முறைமைதான் கையைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த விதிகளுக்குள் பல தலைமுறையினரின் கவனிப்பு உறைந்திருக்கிறது. நாம் விழிப்பாக இல்லாத நேரத்தில் நமக்காக அது விழித்திருக்கிறது.

திருச்சபை இதை நன்கு அறிந்திருக்கிறது. திருப்பலியில் இரசம் ஊற்றுவதற்கும் முறை வைத்திருக்கிறது. இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாக உண்டானதாக, கெடாததாக இருக்க வேண்டும். சிறிதளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. இந்தத் தண்ணீருக்குக் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் மூன்றாம் நூற்றாண்டிலேயே பொருள் சொல்லியிருக்கிறார்: இரசம் கிறிஸ்து, தண்ணீர் மக்கள், இரசம் மட்டும் இருந்தால் நாமின்றிக் கிறிஸ்து, தண்ணீர் மட்டும் இருந்தால் கிறிஸ்துவின்றி நாம். அந்தத் தண்ணீர் சிறிதாகவே இருப்பது நல்லது என்று அளவையும் குறித்தார் அக்குவினா. எவ்வளவு உயர்ந்த மறைபொருளும் ஓர் அளவுக்குள்தான் நம் கைக்கு வருகிறது.

குவளையை மூடும் கைக்கும் திருச்சபை இடம் தந்திருக்கிறது. மதுவை ஏற்க இயலாத நிலையிலுள்ள குருக்கள், ஆயரின் இசைவோடு, புளிப்பேறத் தொடங்கியவுடன் அதன் இயல்பு மாறாதவாறு நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல் மடல் வழியாக உறுதி செய்தது. பலிபீடத்திலேயே ஒருவருடைய வலுவின்மைக்கு இத்தகைய மதிப்புத் தரப்படும்போது, நம் வீட்டுப் பந்தியில் அதைக் கேலி செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நல்ல சமாரியரும் இரசம் ஊற்றினார். அவர் ஊற்றியது காயத்தின்மேல் (லூக் 10:34). எதிரிலிருப்பவருக்கு வேண்டியது எது என்று பார்த்து ஊற்றுவதே அவரிடம் நாம் கற்க வேண்டிய முறை. சிலருக்கு அது மகிழ்ச்சியின் கிண்ணம், சிலருக்கு மருந்து, சிலருக்கோ, ஊற்றாமல் கடந்து செல்வதே நாம் செய்யும் மிகப் பெரிய விருந்தோம்பல். விருந்தோம்பலுக்கும் கள்ளுண்ணாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் நூலில் பிறந்து வளர்ந்த நமக்கு, இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளைஞனின் கேள்விக்கு வருகிறேன். "தம்பி, நீ கற்பது பாவமன்று. ஆனால் உன் கை கணக்குக் கொடுக்க வேண்டிய கை. அளவு தெரிந்து ஊற்று. ஆள் பார்த்து வஞ்சனை செய்யாதே. மூடிய குவளையைக் கண்டால் மகிழ்ச்சியோடு கடந்து போ. விற்பனைக்காக இதை மீறு என்று யாராவது உன்னை நெருக்கும் நாள் வந்தால், அந்த வேலையை விட்டு வா" என்றேன்.

மறுநாள் அவன் தாயைப் பார்க்கச் சென்றேன். அறநெறி விளக்கம் எதுவும் சொல்லவில்லை; கொத்தனாரின் கதையை மட்டும் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "பரீட்சையை எழுதட்டும் சாமி. ஆனா அந்தக் கண்ணாடிக் குவளை என் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றார்.

அதுவும் குவளையின் மேல் வைத்த ஒரு கைதான். இம்முறை நான் இரண்டாவது முறை கேட்கவில்லை.